கேட்க முன்னமே

மொன்றியலின் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்புகிற சமையற்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வாசலில் வரிசை நகரவேயில்லை. உள்ளே போகிற எல்லாருடைய பையையும் ஒரு காவலாளி மேசையில் வைத்துப் பார்ப்பான். எனக்கு முன்னால் நின்ற பெண், அவன் வாய் திறக்க முன்னமே, தன் பைக்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மொழி பிரெஞ்சு. இராகம் மன்னார்.

"இது சோறு. இது மீன் குழம்பு, மூடி இறுக்கம், ஊத்தாது. இது குடை. இது பிரஷர் குளிசை. இது செபமாலை, கையில எடுத்துப் பாக்கிறதெண்டாலும் பாக்கலாம்."

"பாஸே, மடாம், பாஸே," என்று உள்ளே போகச் சொன்னான் காவலாளி. நாள்தோறும் கேட்டுக் களைத்த குரல்.

எல்லாவற்றையும் பைக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டே அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தைக் கண்டதும் தமிழ் வந்துவிட்டது.

"புதுப் பிள்ளையோ? உன்ர பைக்குள்ள என்ன கிடக்கு?"

"சாப்பாடு, அக்கா."

"சாப்பாடும் வேற என்னவும்?"

எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. பழைய ரசீதுகள் கிடக்கும், மகளின் சொக்ஸ் ஒன்று கிடக்கும், வேறு என்னவென்று யோசித்தேன்.

"பாத்தியே, உனக்கே தெரியாது," என்றார். "நாளைக்குப் பாத்து அடுக்கிக்கொண்டு வா."

அன்றிலிருந்து அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அங்கே வேலை செய்த தமிழர் எல்லாரும் அப்படித்தான். பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரை எனக்கு ஞாபகமில்லை.

அக்காவோடு ஜான்-டலோன் சந்தைக்குப் போவதென்றால் பொறுமை வேண்டும். ஒரு கடையில் வாங்கிய கத்தரிக்காயோடு அடுத்த கடைக்குள் நுழைந்தால், முதல் வேலையாகப் பையை விரித்துப் பிடித்து, "இது உங்கட இல்லை, அங்க வாங்கினது," என்று கடைக்காரனுக்குக் காட்டுவார். அவன் யாரென்றே தெரியாத இத்தாலியக் கிழவன். "ஓகே, ஓகே," என்று சிரித்துவிட்டுத் தக்காளி அடுக்கப் போய்விடுவான். அக்கா சிரிக்க மாட்டார். அவன் பார்த்தானா என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பார்.

ஒருமுறை அவர் கொழும்புக்குப் போக இருந்தபோது, பார்க் எக்ஸ்ரென்சனில் இருந்த ஒரு அம்மா தன் தங்கைக்கென்று ஒரு பொதி கொண்டுவந்து கொடுத்தார். நாடாவெல்லாம் சுற்றி, தங்கையின் பெயர் எழுதி, அழகாக ஒட்டிய பொதி. அக்கா ஒரு கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னாலேயே வெட்டித் திறந்தார். இரண்டு சேலை, ஒரு பால்மா ரின், கைகாலுக்குப் பூசுகிற களிம்பு, அடியில் ஒரு உள்பாவாடை. அந்த அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"என்னைக் கள்ளி எண்டு நினைச்சியளோ?"

"இல்லை அம்மா. நான் காணாத சாமானை நான் தூக்கமாட்டன். கடவுள் தந்துவிட்டாலும் தூக்கமாட்டன்."

அந்த அம்மா பொதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோயிலில் கண்டாலும் பிறகு கதைத்ததில்லை. இப்படி அக்காவுக்குக் குறைந்துபோன உறவுகள் பல.

என் காரில் ஏறினாலும் இதே கதைதான். நான் சாவியைத் திருப்ப முன்னம், "ஆர் ஆர் என்ன கொண்டு வாறியள்?" என்று கேட்பார். என் மகள் பின் இருக்கையிலிருந்து, "ஒண்டுமில்லை, தாந்தின்," என்று பிரெஞ்சில் அன்ரி சொல்லி இழுப்பாள். "ஒண்டுமில்லை எண்டு சும்மா சொல்லாதை. பாத்திட்டுச் சொல்லு," என்பார் அக்கா. மகள் தன் பைகளைத் தட்டிப் பார்த்து ஒரு சுவிங்கம் தாளை எடுத்துக் காட்டினால்தான் கார் புறப்படும். நாங்கள் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டோம். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அக்காவின் முகம் விளையாட்டாக இருந்ததில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் அக்கா கலியாணம் செய்தார். மாப்பிள்ளை எங்கள் கூடத்தில் லிஃப்ற் லொறிகள் திருத்திக்கொண்டிருந்த கெபெக் வெள்ளைக்காரர். பெண்சாதி செத்து, ஒரு மகன் வளர்ந்து ஒன்ராறியோவுக்குப் போய்விட, லவாலில் தனி வீட்டில் இருந்தவர். அதிகம் பேசாத மனிதர். இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போவார் என்று கேள்விப்பட்டபோது எங்கள் ஆட்கள் வாயில் கை வைத்தார்கள். வெள்ளைக்காரன் என்பதைக்கூட மன்னித்தார்கள், துவக்கு வைத்திருக்கிறவன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடிவந்து, துவக்கு இருக்கிற வீட்டில் போய்ப் படுப்பதா?

நானும் கேட்டேன்.

"முதல்முதல் அந்த வீட்டுக்குப் போனன் பிள்ளை," என்றார் அக்கா. "கோப்பி ஊத்தித் தந்தார். குடிச்சு முடிய, கீழ வா எண்டு நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு இரும்பு அலுமாரியைத் திறந்து, ‘இதுதான் இருக்கு. இது ரைஃபிள், இது என்ர அப்பான்ர பறவைத் துவக்கு. இந்தப் பெட்டியில தோட்டா. வேற ஒண்டும் இல்லை’ எண்டு சொல்லி, என்னை எல்லாத் தட்டையும் பாக்கவிட்டிட்டுச் சாவியை என்ர கையில வைச்சார். நான் ஒண்டும் கேக்கேல்ல. கேக்க முன்னமே திறந்து காட்டினார். அப்பிடி ஒரு மனுசனை நான் ஒருநாளும் காணேல்ல."

கலியாணம் முடிந்த அடுத்த வருடமே அக்காவும் படித்துத் துவக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டார். வேட்டைக்குப் போக அல்ல. வீட்டில் கிடக்கிற சாமான் தனக்குத் தெரிய வேண்டுமாம். லவாலில் ஒரு மண்டபத்தில், வேட்டைக்கார இளைஞர்களுக்கு நடுவில் அக்கா கம்பளிச் சால்வையோடு இருந்து படித்தார். படிப்பித்தவர் சொன்ன ஒரு விஷயம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. துவக்கு வெறுமை என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது, அந்த நிமிடம் அதைக் கீழே வைத்தவனே சொன்னாலும் நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும். "உதைத்தானே நான் இவ்வளவு காலமும் சொல்லுறன்," என்றார் என்னிடம், யாரோ கடைசியில் தன்னை ஒத்துக்கொண்டதுபோல.

வேட்டை முடிந்து மனுசன் வீடு வந்தால், நிலவறை மேசையில் கோட்டுப் பைகளைக் கவிழ்த்துக் கொட்டுவார். அக்கா படிக்கட்டில் நின்று பார்ப்பார். அது அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு சடங்கு மாதிரி. காதல் என்றால் அதுதான் என்று எனக்குப் பிறகு தோன்றியது.

மனுசன் கடைசியாகப் போன வேட்டை ஒரு நாளோடு முடிந்தது. காட்டுக்குள் மூச்சு முட்டி, சிநேகிதன் ஒருவர் அவரைக் கொண்டுவந்து நேரே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். துவக்கைச் சிநேகிதனே வீட்டில் கொண்டுவந்து பூட்டி வைத்தார். கோட்டு முன்வாசல் கொழுவியில் தொங்கியது. குளிர்காலம் முழுக்க மனுசன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, பனி உருகத் தொடங்கிய நாட்களில் போய்ச் சேர்ந்தார்.

லவால் வீட்டை விற்றுவிட்டு ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் தங்கையோடு போய் இருப்பது என்று அக்கா முடிவெடுத்தார். மொன்றியலில் ஊரே வீடு மாறுகிற ஜூலையில் லொறி கிடைக்காது என்று ஓகஸ்ட் மாதத்துக்குச் சொல்லி வைத்தோம். சாமான் பார்க்க வந்த கொம்பனிப் பெடியன் அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஏற்ற முடியாதவற்றைச் சொல்லத் தொடங்கினான். பெயின்ற், காஸ் சிலிண்டர், பூச்சிமருந்து... அவன் முடிக்க முன்னமே அக்கா சொன்னார்:

"நிலவறையில இரண்டு துவக்கு இருக்கு. தோட்டாப் பெட்டியும் இருக்கு."

அவன் கையை விரித்தான். துவக்கை எங்கள் கொம்பனி ஏற்றாது, தோட்டாவை எந்தக் கொம்பனியும் ஏற்றாது, அதுவும் மாகாணம் தாண்டி. நீங்களேதான் ஏதாவது செய்ய வேண்டும்.

அன்றிரவு அக்கா போனில், "ரவையெல்லாம் மனுசன்ர சிநேகிதனுக்கு எண்டு சொல்லிப்போட்டன். அவருக்கும் லைசென்ஸ் இருக்கு. நாளைக்கு வந்து எடுப்பார்," என்றார்.

"எனக்குத் தந்திருக்கலாமே அக்கா. காலமை உப்புமாவுக்கு உதவியிருக்கும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் ஊரில் தோட்டாவுக்கும் ரவை என்றுதான் பேர். அதை நான் மறந்தே போயிருந்தேன். அவ்வளவு காலம் மொன்றியலில் இருந்துவிட்டேன். மனுசன் செத்த பிறகு அக்கா சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

துவக்குகள் மகனுக்கு என்று மனுசன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகன் இருப்பது கிங்ஸ்டனுக்குக் கொஞ்சம் அப்பால், ரொறன்ரோ போகிற வழியில்தான். தானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அவன் போன் எடுத்தான். அக்கா விடவில்லை. "என்ர வீட்டில இருந்து வெளிக்கிடுற சாமான். அவன் கொண்டு போற வழியில ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது? நான் கொண்டுபோய்க் கையில குடுக்கிறன்." துவக்குப் பதிவு அலுவலகத்துக்கும் பொலிஸுக்கும் போன் செய்து, எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டு அறிந்துகொண்டார். அக்காவுக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயம். ஆகவே ஓட்டுகிற ஆள் நான்.

"விசரே உனக்கு?" என்றார் என் கணவர். "ரண்டு தமிழ்ப் பொம்பிளையள் துவக்கோட ஹைவேயில போறதோ?"

துவக்கு என்ற பொருளை நான் கடைசியாக அருகில் கண்டது ஓமந்தைச் சோதனைச் சாவடியில், அதுவும் என் முகத்துக்கு நேரே. ஆனாலும் அக்காவிடம் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

பெட்டி கட்டுகிற வாரம் முழுவதும் நான் வேலை முடிந்து போய் உதவி செய்தேன். அக்கா ஒவ்வொரு லாச்சியையும் இழுத்து வெளியே எடுத்து, கவிழ்த்து, அடியைத் தடவிப் பார்த்துத்தான் பெட்டிக்குள் வைத்தார். தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். அலுமாரிக்குப் பின்னால் ரோச் அடித்துப் பார்த்தார். மனுசனின் சட்டைகளை உதறி உதறி மடித்தார். முன்வாசலில் தொங்கிய கோட்டை மட்டும் நான் எடுக்கப் போனபோது, "அதை விடு பிள்ளை," என்று தானே வந்து எடுத்தார். முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றார். பிறகு உதறாமல், தடவாமல், உடுப்புக் கொழுவுகிற உயரப் பெட்டிக்குள் தொங்கவிட்டு மூடினார்.

லொறி போன அடுத்த நாள் காலை நாங்கள் வெளிக்கிட்டோம். டிக்கியை மூட முன்னம் அக்கா என்னைக் கூப்பிட்டார். இரண்டு துவக்குப் பெட்டிகளையும் திறந்து, குழலைக் காட்டி, தோட்டா போகிற இடத்துக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். என் விரலையும் விடச் சொன்னார். குளிர்ந்த இரும்பு. எண்ணெய் மணம்.

"வெறுமை. கண்டியோ?"

"கண்டேன் அக்கா."

"இனி ஆர் கேட்டாலும் நீயும் சொல்லலாம்."

பெட்டிகளைப் பூட்டினார். சாவிகளை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

கோர்ண்வால் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம், பின்னால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுழன்றது. நான்தான் வேகமாக ஓட்டியிருக்கிறேன். பயத்தில் கால் தன்பாட்டில் அழுத்தியிருக்கிறது. ஓரத்தில் நிறுத்தினேன். பொலிஸ்காரர் அக்காவின் பக்கமாக நடந்து வந்தார். அக்கா கண்ணாடியை ஏற்கெனவே இறக்கியிருந்தார்.

"சேர், பின்னால் இரண்டு துவக்கு இருக்கிறது."

வேறு ஒரு வணக்கமும் இல்லை. அதுதான் முதல் வசனம். பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போனதை நான் பார்த்தேன். குரல் மாறிவிட்டது. இருவரையும் கையை முன்னால் வைக்கச் சொன்னார். ஸ்ரியரிங்கில் இருந்த என் விரல்கள் என் விரல்கள் போலவே இல்லை. அக்கா கைகளை முன்தட்டில் விரித்து வைத்துக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரித் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டியிருக்கிறது, சாவி என் கழுத்தில் இருக்கிறது, லைசென்ஸ் கைப்பைக்குள் இருக்கிறது, செத்துப்போன கணவருடையது, அவருடைய மகனுக்குக் கொண்டு போகிறேன்.

இன்னொரு பொலிஸ் கார் வந்தது. எங்களை இறக்கிப் புல்லில் நிற்க வைத்தார்கள். பெரிய லொறிகள் போகும்போது அடித்த காற்றில் அக்காவின் தலைமயிர் கலைந்து முகத்தை மூடியது. அவர் அதை ஒதுக்கவில்லை. கைகளை அசைக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். லைசென்ஸைக் காருக்குள் கொண்டுபோய்ச் சரிபார்த்தார்கள்.

"தோட்டா இருக்கிறதா?"

"இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்."

முதலில் வந்தவர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது முகம் இளகியிருந்தது. "எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அம்மா. பொதுவாக நாங்கள் கண்டுபிடித்த பிறகுதான் ஆட்கள் வாய் திறப்பார்கள்," என்றார். என்னைப் பார்த்து, மெதுவாக ஓட்டச் சொன்னார். அவ்வளவுதான். தண்டம்கூட எழுதவில்லை.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்திக் கோப்பி வாங்கினேன். காரைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா யன்னலோரம் இருந்தார். கோப்பியைத் தொடவேயில்லை.

"ஏன் அக்கா அப்படிச் சொன்னனீங்கள்? அவர் ஸ்பீட்டுக்குத்தானே மறிச்சவர். கேட்டிருக்கவே மாட்டார்."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"ஊரில, சண்டைக்குள்ள நாங்கள் வீடு விட்டு வெளிக்கிட்டபோது, தையல் மெசினை விட்டிட்டு வரமாட்டன் எண்டு அம்மா நிண்டவ. மெசினையும் ட்ரக்ரர் பெட்டியில ஏத்தினம். மூண்டு குடும்பத்தின்ர சாமான் அதில. வழியில ஆமி மறிச்சு, எல்லாத்தையும் இறக்கச் சொன்னான். ஒருத்தன் மெசின் லாச்சியை இழுத்துக் கவிட்டான். நூல்கட்டை, பொத்தான், ஊசிப்பெட்டி... அதுக்குள்ள இருந்து மூண்டு ரவை உருண்டு விழுந்துது."

ஒரு குடும்பம் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு எங்கள் மேசையைக் கடந்து போனது.

"ஆற்ர எண்டு அவன் இன்னும் கேக்கேல்ல. வாயைத் திறக்கிறான். அதுக்கு முன்னமே அண்ணை ‘என்ர’ எண்டிட்டான். இருபது வயசும் முடியேல்ல. அப்பிடியே கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். எங்களை ஏறிப் போகச் சொன்னாங்கள். போனம்."

"பிறகு?"

"பிறகு என்ன? போய்க் கேக்காத இடமில்லை. அவ்வளவுதான்."

நான் அவருடைய கோப்பிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அம்மா சாகுமட்டும் சொன்னவ, பிள்ளை எங்களைக் காப்பாத்தத்தான் சொன்னவன் எண்டு. நான் ஒத்துக்கொள்ளேல்ல. அவன்தான் வைச்சவன். வைச்சிட்டு எங்களுக்குச் சொல்லேல்ல. வெளிக்கிட முன்னம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிணத்துக்குள்ள எறிஞ்சுபோட்டு வந்திருக்கலாம். எல்லாரையும் கொல்லப் பாத்தான்."

இத்தனை வருடக் கோபம், நேற்று நடந்ததுபோல இருந்தது. நான் தயங்கிக் கேட்டேன்:

"வீட்டில வேற ஆக்கள் ஆரும் இருந்தவையோ?"

"அதுக்கு முந்தி ஒருக்கா ஓடித் திரும்பி வந்தனாங்கள். அந்த நாலைஞ்சு மாசம் வீடு திறந்தபடி கிடந்தது. ஆர் வந்து இருந்தது, ஆர் போனது எண்டு ஆருக்குத் தெரியும்?" சொல்லிவிட்டு உடனே எழும்பினார். "அம்மாவும் உதைத்தான் சொல்லுவா. வா, போவம்."

மனுசனின் மகன் எங்களுக்காக வீட்டு வாசலில் காத்துக்கொண்டு நின்றான். அக்கா அவனையும் விரல் விட்டுப் பார்க்க வைத்தார். தாத்தாவின் பறவைத் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு அவன் படிக்கட்டில் குந்தியபோது, தகப்பனின் கழுத்துமாதிரியே சிவந்த கழுத்து அவனுக்கும். அக்கா அவன் தலையில் கையை வைத்துவிட்டு, கழுத்து நூலைக் கழற்றிச் சாவிகளைக் கொடுத்தார். ஸ்காபரோ வரைக்கும் வழிநெடுக நித்திரை கொண்டார். அக்கா காரில் நித்திரை கொண்டதை அதற்குமுன் நான் கண்டதில்லை.

பிறகு நான் அவரைப் போனில் மட்டும்தான் கேட்டேன். தங்கையின் சமையலில் உப்பு இல்லை, ஸ்காபரோ பஸ்ஸில் ஒருவரும் பையைப் பார்க்கிறதில்லை என்று கதைப்பார். குளிர் தொடங்கிய ஒரு பின்னேரம் போன் வந்தது. குரல் சரியில்லை.

"பிள்ளை, நான் பொய் சொல்லிப்போட்டன்."

குப்பைவாளியைத் தெருவில் வைக்கப் போயிருக்கிறார். கையில் அகப்பட்ட மனுசனின் வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வெளியே குளிர் கடிக்க, கைகளைப் பைகளுக்குள் விட்டிருக்கிறார். வலது பையில் இரண்டு தோட்டா.

"எல்லாத்தையும் பாத்தனான். அதை மட்டும் நான் பாக்கேல்ல. அவற்ர மணம் போயிடும் எண்டு கையை விடாம விட்டனான்." மூச்சை இழுத்துக்கொண்டார். "லொறியில ரவை போயிருக்கு. அந்தப் பொலிஸ்காரன் கேக்க, ஒண்டுகூட இல்லை எண்டு முகத்துக்கு நேர சொன்னனான்."

தங்கை தடுக்கத் தடுக்க, அக்கா பொலிஸுக்குப் போன் செய்து வரச் சொல்லியிருந்தார். ஒரு இளம் பொலிஸ்காரி வந்தாளாம். தோட்டாக்களை வாங்கி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு, உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, வைத்திருந்தாலும் குற்றமில்லை, வேண்டாமென்றால் நான் கொண்டுபோகிறேன் என்றாளாம். அக்கா விடவில்லை. நெடுஞ்சாலையில் உங்கள் ஆளிடம் நான் பொய் சொன்னேன், அதை எழுதுங்கோ என்று நின்றிருக்கிறார்.

"அதுக்கு அவள் சொல்லுறாள் பிள்ளை, ‘உங்களுக்குத் தெரியாதே அம்மா. தெரியாம இருந்தா அது பொய்யில்லை’ எண்டு. தங்கச்சி குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு சொல்லுறாள். எவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டாள்."

"சரியாத்தானே அக்கா சொல்லியிருக்கிறாள்."

"மனுசன் மறந்துபோய் விட்டவர். நான் அறியாமக் கொழுவினன். லொறிக்காரன் அறியாம ஏத்தினான். ஐந்நூறு கிலோமீற்றர் வந்திருக்கு, ஒருத்தருக்கும் தெரியாது." குரல் மிகவும் சிறுத்துவிட்டது. "அப்ப அண்ணைக்கும் தெரியாமத்தான்..."

முடிக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவருடைய பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வைக்கிறன் பிள்ளை," என்றார்.

மறுபடி அவர் போன் எடுக்கப் பல வாரங்கள் ஆயின. நான் எடுத்தாலும் தங்கைதான் கதைத்தார். அக்கா சாப்பிடுகிறதில்லை, வாசலில் யாராவது வந்தால் எழும்பிப் பார்க்கிறார் என்றார். நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முந்தி, அக்காவே எடுத்தார். நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணைக்குப் பூசை குடுத்தனான்."

தாய்க்கும் தகப்பனுக்கும் வருடாவருடம், இந்த வருடம் மனுசனுக்கும், கத்தோலிக்கக் கோயிலில் பெயர் எழுதிப் பூசை கொடுக்கிறவர், அண்ணையின் பெயருக்கு அதுவரை ஒருநாளும் கொடுத்ததில்லை. கோயில் அலுவலகத்தில் ஒரு பெட்டை இருந்து பெயர் எழுதினாளாம். அண்ணையின் பெயரைச் சொன்னாராம். அவள் எழுதிவிட்டு, எல்லாரிடமும் கேட்கிறதுபோலக் கேட்டிருக்கிறாள்: "இறந்தவருக்கோ, இருக்கிறவருக்கோ அன்ரி?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் வரேல்ல பிள்ளை. வாயைத் திறக்கிறன், ஒண்டும் வரேல்ல. அவள் பேனையை வைச்சுக்கொண்டு பாக்கிறாள். பின்னுக்கு ஆக்கள் நிக்கினம். அன்ரி, ரண்டில ஒண்டு சொல்லவேணும் எண்டாள். அப்ப இரண்டு பூசை எழுது எண்டன். ஒரு கிழமை இருக்கிறவருக்கு, மற்றக் கிழமை இறந்தவருக்கு."

"இரண்டுக்கும் போனனீங்களோ?"

"போனனான். இறந்தவைக்கான பூசையில நான் அழேல்ல. தங்கச்சி அழுதாள், நான் நல்லாத்தான் இருந்தன்." கொஞ்சம் நிறுத்தினார். "மற்றதிலதான், சாமியார் அவன்ர பேரை வாசிச்சு, சுகமா இருக்கவேணும் எண்டு எல்லாரையும் மன்றாடச் சொன்னார். அவ்வளவு சனமும் சேந்து சொல்லுது. என்னால எழும்பி நிக்க ஏலாமப் போச்சு."